ஒரு நாள் பந்தயமும் ஒன்பது மாதப் பயணமும்

"ஆறு மாதம் ஜெர்மனியில் இருந்துவிட்டு வந்திருக்கிறாய், நம் சங்க மலருக்கு அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதித் தா" என்று மலராசிரியர் கேட்டார். வெளிநாடு சென்று வந்தவர்கள் கோட்டைகளையும் ஆறுகளையும் பனியையும் பற்றி எழுதுவது மரபு. அவற்றை என்னைவிட நன்றாக எழுதக் கூடியவர்கள் நம் சங்கத்திலேயே இருக்கிறார்கள். நான் எழுத விரும்புவது ஒரு பெட்டியைப் பற்றியும், அந்தப் பெட்டியோடு ஊர் ஊராகச் செல்லும் ஒரு பெண்மணியைப் பற்றியும் ஆகும். தொழில்முறை டிரையத்லான் வீரர்கள் பந்தயப் பருவத்தில் எவ்வாறு வாழ்கிறார்கள் என்பதை நான் தெரிந்துகொண்டது அவர் வழியாகத்தான்.

இதை எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. விடுதியில் என்னை அறிந்தவர்களுக்கு நினைவிருக்கும்: ஒரு காலத்தில் ஆராய்ச்சியை விட்டுவிட்டு முழுநேர வீராங்கனையாகப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். பிறகு அந்தப் பேச்சு ஏன் நின்றுவிட்டது என்று பலர் கேட்டார்கள். ஒருவருக்கும் நான் நேராகப் பதில் சொன்னதில்லை. இந்தக் கட்டுரைதான் அந்தப் பதில்.

டிரையத்லான் என்பது யாது?

நீச்சல், சைக்கிள், ஓட்டம் ஆகிய மூன்றையும் இடைவிடாமல் அடுத்தடுத்துச் செய்யும் பந்தயமே டிரையத்லான். நீரிலிருந்து எழுந்து சைக்கிளில் ஏறும் நேரமும், சைக்கிளை நிறுத்திவிட்டு ஓட்டக் காலணி மாட்டும் நேரமும் கணக்கில் சேரும். கடிகாரம் எதற்காகவும் நிற்காது.

இது பழைய விளையாட்டன்று. 1974ஆம் ஆண்டு செப்டம்பர் 25ஆம் நாள் அமெரிக்காவில் சான் டியகோ நகரின் மிஷன் பே என்ற இடத்தில் 46 பேர் கலந்துகொண்ட பந்தயத்திலிருந்து இதன் வரலாறு தொடங்குகிறது. 1978 பிப்ரவரி 18 அன்று ஹவாயைச் சேர்ந்த ஓவாகு தீவில் முதல் 'அயர்ன்மேன்' நடைபெற்றது. தீவில் அதற்கு முன்பே வழங்கி வந்த ஒரு கடல் நீச்சல், ஒரு சைக்கிள் பயணம், ஒரு மராத்தான் ஆகிய மூன்றையும் ஒரே நாளில் இணைத்த பந்தயம் அது; எந்த விளையாட்டின் வீரர்கள் உடல்திறனில் மிகச் சிறந்தவர்கள் என்று நண்பர்களுக்குள் எழுந்த வாதமே அதற்குக் காரணம். 15 பேர் புறப்பட்டார்கள்; 12 பேர் முடித்தார்கள். ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு இடம்பெற்றது 2000ஆம் ஆண்டு சிட்னியில்தான்.

தூரங்கள் பல. ஒலிம்பிக் தூரம் என்பது 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம். முழுத் தூரம் என்பது 3.8, 180, 42.2 கிலோமீட்டர். அதில் பாதி, அரைத்தூரம். நம் நாட்டில் கோவாவில் 2019ஆம் ஆண்டு முதன்முறையாக அயர்ன்மேன் அரைத்தூரப் பந்தயம் நடந்தது.

நான் தூத்துக்குடிப் பெண். கடலைக் கண்டு அஞ்சாதவள். பல்கலைக்கழக நீச்சல் குழுவில் இருந்த துணிச்சலில், இரவல் சைக்கிளில் பழகி, 2023இல் கோவாவின் அரைத்தூரத்தை முடித்தேன். முடித்த அன்று தலைகால் புரியவில்லை. அப்போதுதான் இங்கிலாந்து வீராங்கனை கிரிஸ்ஸி வெலிங்டனைப் பற்றிப் படித்தேன். நேபாளத்தில் வளர்ச்சிப் பணி செய்துகொண்டு, அங்கே மலைப் பாதைகளில் சைக்கிள் ஓட்டியவர் அவர். 2007இல் தொழில்முறை வீராங்கனையானார். அதே ஆண்டு அக்டோபரில், ஹவாயின் கோனாவில் நடந்த உலகப் பந்தயத்தை வென்றுவிட்டார். பிறகு 2008, 2009, 2011 ஆண்டுகளிலும் வென்றார். 'அவருக்கு முடிந்தது எனக்கு ஏன் முடியாது?' என்று நினைத்தேன். நல்ல சைக்கிள் வாங்கவும் ஓராண்டு வெளிநாட்டில் பயிலவும், ஊரில் அம்மா வழியில் வந்த ஒரு துண்டு நிலத்தை விற்றுத் தரும்படி அப்பாவுக்கு ஒரு கடிதமும் எழுதி வைத்துக்கொண்டேன். அந்தக் கடிதத்தை அனுப்புவதற்குள் ஜெர்மனிக்குப் போகும் வாய்ப்பு வந்தது.

பெட்டி வரவில்லை

2024 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை நூரெம்பர்க் நகரில் எனக்கு ஆராய்ச்சிப் பணி. வாடகை குறைவு என்பதால் அங்கிருந்து ரயிலில் சற்றேறக்குறைய அரைமணிப் பயணத்தில் உள்ள ரோத் என்னும் சிற்றூரில், வயதான தம்பதியர் வீட்டு மாடியில் ஓர் அறை எடுத்தேன். அவ்வூரின் பெருமையை அறியாமலேயே அங்கே போய்ச் சேர்ந்தேன். 1984 முதல் அங்கே டிரையத்லான் நடந்து வருகிறது. ஜூலைத் தொடக்கத்தில் நடக்கும் முழுத்தூரப் பந்தயம் உலகப் புகழ் பெற்றது. ரைன் ஆற்றின் கிளையாகிய மைன் ஆற்றையும் டான்யூப் ஆற்றையும் இணைக்கும் கால்வாயில் நீச்சல், சுற்றியுள்ள கிராமங்களில் சைக்கிள், ஆயிரக்கணக்கான தொண்டர்கள். ஊர்த் திருவிழா என்று சொன்னால் நமக்கு எளிதில் விளங்கும்.

"ஜூன் மாதம் எதிர் அறைக்கு ஒரு வீராங்கனை வருகிறார். ஆண்டுதோறும் யாராவது ஒருவர் எங்கள் வீட்டில் தங்குவார்கள். வாடகை வாங்குவதில்லை" என்று வீட்டுக்கார அம்மாள் சொன்னார். தொழில்முறை வீரர் என்றால் நட்சத்திர விடுதியும் உதவியாளர்களும் இருப்பார்கள் என்று எண்ணியிருந்த எனக்கு வியப்பாக இருந்தது. ஆனால் இவ்விளையாட்டில் இது பரவலான வழக்கம். முன்பின் தெரியாத குடும்பங்கள் கொடுக்கும் அறையும் சமையலறையும் இல்லாவிட்டால் பல வீரர்களுக்குப் பருவமே நடக்காது.

வந்தவர் தென்னாப்பிரிக்கர், வயது முப்பத்தொன்று. அவரை நான் 'அக்கா' என்று அழைத்தேன். பொருளைச் சொன்னதும் மகிழ்ந்து ஏற்றுக்கொண்டார். ஆகவே இங்கும் அப்படியே குறிப்பிடுகிறேன்.

அக்கா வந்தார், அவருடைய சைக்கிள் பெட்டி வரவில்லை. விமானம் மாறிய இடத்தில் தங்கிவிட்டதாம். நானாக இருந்தால் அழுதிருப்பேன். அவரோ தோள்பையைத் திறந்து நான்கு பொருள்களை எடுத்து மேசைமேல் வைத்தார்: நீச்சலுக்குரிய ரப்பர் உடை, தலைக்கவசம், சைக்கிள் காலணி, ஒரு ஜோடி பெடல்.

"இந்த நான்கையும் ஒருபோதும் பெட்டியில் போடமாட்டேன். இவை கையில் இருந்தால் யாருடைய சைக்கிளிலும் பந்தயத்தில் இறங்கலாம்" என்றார்.

மறுநாளே பக்கத்து வீட்டுக்காரரின் சைக்கிளில் தம் பெடலைப் பொருத்திக்கொண்டு பயிற்சிக்குப் புறப்பட்டுவிட்டார். பெட்டி மூன்றாம் நாள் வந்தது. அதை அவர் திறந்து பூட்டியதைப் பார்ப்பது ஒரு பாடம். இருக்கைத் தண்டு எவ்வளவு உயரம் நிற்க வேண்டும் என்பதற்கு ஒரு நாடா ஒட்டியிருந்தார். கைப்பிடியின் சாய்வுக்கு இன்னொரு நாடா. சில மில்லிமீட்டர் மாறினாலும் 180 கிலோமீட்டருக்குள் முழங்காலோ இடுப்போ புகார் சொல்லுமாம். திருகாணிகளை அளவு பார்த்து முறுக்கும் சிறு கருவி ஒன்றும் உடன் இருந்தது. கார்பன் இழைச் சட்டத்தை அளவுக்கு மீறி முறுக்கினால் விரிசல் காணும். ஒரு பருவத்தில் இருபது முறையேனும் சைக்கிளைப் பிரித்துப் பூட்ட நேர்கிறது என்றார். எந்த வகுப்பிலும் கற்பிக்காத இந்த வேலையும் அவர் தொழிலில் ஒரு பகுதி.

அறையும் அரிசியும்

எந்த ஊரில் எந்த அறைக்குள் நுழைந்தாலும் அக்கா செய்யும் வேலைகள் மாறுவதில்லை. முதலில் சன்னலை இருட்டாக்குவார். ஜூன் மாதத்தில் அந்தப் பகுதியில் காலை ஐந்து மணிக்கே வெளிச்சம் வந்துவிடும். இரவு ஒன்பதரை வரை போகாது. பயிற்சியில் தேய்ந்த உடல் தூக்கத்தில்தான் பழுது பார்த்துக்கொள்கிறது. எனவே சன்னலும் அவருக்கு ஒரு பயிற்சிக் கருவியே. அடுத்துத் தம் தலையணையை எடுத்து வைப்பார். மூன்றாவதாக அவர் பெட்டியிலிருந்து எடுத்ததைக் கண்டு நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அது ஒரு சிறிய மின்சார அரிசிக் குக்கர்!

நீண்டதூர வீரர்கள் பலர் அரிசிக் குக்கரோடு பயணம் செய்கிறார்கள். காரணம் எளியது. பந்தயத்திற்கு முந்தைய இரண்டு நாட்களில் தசைகளிலும் கல்லீரலிலும் மாவுச்சத்தை நிரப்பிக்கொள்ள வேண்டும். ஆனால் நார்ச்சத்தும் கொழுப்பும் மிகுந்த உணவு வயிற்றில் தங்கி ஓட்டத்தின்போது தொல்லை தரும். வெண்சோற்றில் அந்தத் தொல்லை இல்லை; எந்த நாட்டுக் கடையிலும் அரிசி கிடைக்கும்; விலையும் மலிவு. தெரியாத ஊரின் உணவு விடுதியில் புதிதாக ஒன்றைத் தின்று வயிறு கெட்டால் மூன்று மாத உழைப்பு போயிற்று.

அன்றிலிருந்து சோறு பொங்கும் பொறுப்பை நான் ஏற்றேன். ஆனால் என் ரசத்தை மட்டும் அவர் பந்தயம் முடியும்வரை தொட மறுத்துவிட்டார். மிளகைக் கண்டால் அவருக்கு அவ்வளவு அச்சம்.

ஊர் மாறினால் நேரமும் மாறும். இந்த வகையில் ஐரோப்பா அவருக்குக் கருணை காட்டியது. கோடையில் தென்னாப்பிரிக்காவுக்கும் ஜெர்மனிக்கும் ஒரே மணிதான். ஹவாய்க்குப் போனாலோ பன்னிரண்டு மணி நேர வேறுபாடு. அங்கே பகல் என்றால் அவர் உடலுக்கு நள்ளிரவு. ஒரு மணி வேறுபாட்டுக்கு ஏறத்தாழ ஒரு நாள் என்ற கணக்கில் முன்கூட்டியே போக வேண்டும். வெப்பத்திற்கு உடல் பழகவும் பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். அந்நாட்களில்தான் குருதியின் நீர்ப்பகுதி பெருகி, வியர்வை விரைவாகச் சுரக்கத் தொடங்குகிறது. வெப்பம் என்ன செய்யும் என்பதற்கு 2016ஆம் ஆண்டு மெக்சிகோவின் கோசுமெல் தீவில் நடந்த பந்தயம் சான்று. முதலிடத்தில் வந்த ஜானி பிரௌன்லி இறுதிக் கோட்டுக்குச் சில நூறு மீட்டர் முன்பு தள்ளாடி நின்றார். பின்னால் வந்த அண்ணன் அலிஸ்டர் அவரைத் தோளில் தாங்கி வந்து கோட்டைத் தாண்டச் செய்தார். இருவரும் ஒலிம்பிக் பதக்கம் வென்றவர்கள்.

முன்கூட்டிப் போ என்று சொல்வது எளிது. ஒவ்வொரு நாளுக்கும் உணவு, இடம், போக்குவரத்து என்று செலவு உண்டு. விசாவும் உண்டு. நம்மைப் போலவே தென்னாப்பிரிக்கர்களுக்கும் ஷெங்கன் விசா வேண்டும். 180 நாட்களுக்குள் 90 நாட்களே அங்கே தங்கலாம். அக்காவின் அறையில் ஒரு நாட்காட்டி தொங்கியது. தங்கிய ஒவ்வொரு நாளையும் அதில் கோடிட்டு அடிப்பார். தூதரக வாசலில் கோப்புகளோடு வரிசையில் நின்ற அனுபவம் எனக்கும் உண்டாதலால் அந்தக் கோடுகளின் பொருள் நன்றாகவே புரிந்தது.

ஒரு நாளின் கணக்கு

காலை ஐந்தரைக்கு எழுவார். ஆறரைக்கு ஊர் நீச்சல் குளம், நான்கு கிலோமீட்டர். அங்கே காலைதோறும் மெதுவாக நீந்தும் முதியவர்களிடம் சிரித்துப் பேசி, ஒரு தடத்தைக் கேட்டு வாங்க வேண்டும். பிறகு சிற்றுண்டி. பத்து மணிக்குச் சைக்கிள். மூன்று முதல் ஐந்து மணி நேரம். உணவு, தூக்கம். மாலையில் ஓட்டம். வாரத்திற்கு இருபத்தைந்து முதல் முப்பது மணி நேரம் இப்படி. பந்தயம் நெருங்க நெருங்க அளவைக் குறைத்து உடலைத் தேற்றுவார்.

இவை வெளியே தெரியும் வேலைகள். வியர்வைத் துணிகளை நாள்தோறும் துவைப்பது, சைக்கிள் சங்கிலியைத் துடைப்பது, ஆதரவு தரும் நிறுவனங்களுக்குப் படமும் செய்தியும் அனுப்புவது, அடுத்த ஊரில் தங்க இடம் கேட்டு எழுதுவது ஆகியவை தெரியாத வேலைகள். இரவு எட்டு மணிக்கு மேல் கணினியைத் திறந்து, உலகின் பல மூலைகளில் உள்ள பன்னிரண்டு பொழுதுபோக்கு வீரர்களுக்குப் பயிற்சி அட்டவணை எழுதுவார். "பந்தயம் என் தொழில், ஆனால் வீட்டு வாடகை கட்டுவது இந்தப் பன்னிரண்டு பேர்" என்றார் ஒருநாள்.

ஒருநாள் விடியற்காலை ஆறு மணிக்கு அழைப்பு மணி ஒலித்தது. வாசலில் அறிமுகமில்லாத இருவர். வீட்டுக்கார அம்மாள் பதறிவிட்டார். வந்தவர்கள் ஊக்கமருந்துச் சோதனை அலுவலர்கள். சோதனைப் பட்டியலில் உள்ள வீரர், எந்த நாட்டில் இருந்தாலும், நாள்தோறும் ஒரு மணி நேரம் இன்ன இடத்தில் இருப்பேன் என்று முன்னரே பதிவு செய்ய வேண்டும். அந்த நேரத்தில் அங்கே இல்லாவிட்டால் ஒரு தவறு. பன்னிரண்டு மாதங்களுக்குள் மூன்று தவறுகள் சேர்ந்தால், மருந்தே தொடாதவரும் தண்டனைக்கு உள்ளாவார். ஒரு சனிக்கிழமை நூரெம்பர்க்கில் தமிழ் நண்பர்கள் வீட்டில் இரவு தங்கலாம் என்று அழைத்தேன். "நாளைக் காலை ஆறு மணிக்கு நான் இந்த வீட்டில் இருப்பதாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். முகவரியை மாற்றலாம், மாற்ற மறந்துவிட்டால் என்ன ஆவது?" என்று சொல்லி அவர் கடைசி ரயிலில் திரும்பிவிட்டார். வீடில்லாமல் அலைபவர் போலத் தோன்றும் ஒருவர், எந்நேரமும் ஒரு முகவரிக்குக் கட்டுப்பட்டவராக இருப்பது விந்தையல்லவா?

கணக்குப் புத்தகம்

என் எண்ணத்தை ஒருநாள் அவரிடம் சொன்னேன். நிலத்தையும் கடிதத்தையும்கூடச் சொன்னேன். அவர் அறிவுரை கூறவில்லை. தம் கணக்குப் புத்தகத்தை எடுத்து என் முன்னே விரித்தார்.

அதில் இருந்த ஒரு பட்டியல் எனக்கு இன்றும் மனப்பாடம். மொத்தப் பரிசு 50,000 டாலர் உள்ள ஓர் அரைத்தூரப் பந்தயம். பாதி ஆண்களுக்கு, பாதி பெண்களுக்கு. முதல் பரிசு 7,500, இரண்டாவது 5,000, மூன்றாவது 3,750, பிறகு 3,000, 2,000, 1,500, 1,250, எட்டாவது 1,000. ஒன்பதாவதாக வருபவருக்கு ஒன்றுமில்லை. பந்தயம் அமெரிக்காவில் என்றால் வெளிநாட்டவரின் பரிசிலிருந்து பொதுவாக 30 விழுக்காடு வரியாகப் பிடிக்கப்படும். ஆகவே எட்டாவது இடத்தின் ஆயிரம் டாலர் கைக்கு வரும்போது எழுநூறு. அதற்கு எதிர்ப்பக்கத்தில் விமானச் சீட்டு, சைக்கிள் பெட்டிக்குத் தனிக் கட்டணம், விசா, காப்பீடு, டயர்.

உச்சியில் பணம் இல்லாமல் இல்லை. 2024இல் அயர்ன்மேன் உலகப் பந்தயத்தை வென்றவருக்கு 1,25,000 டாலர். அதே ஆண்டு தொடங்கிய தொழில்முறைத் தொடரில், பருவத்தின் சிறந்த ஐந்து பந்தயங்களைக் கூட்டி முதலிடம் பெற்றவருக்கு இரண்டு லட்சம் டாலர். அத்தொடரில் வழக்கமான முழுத்தூரப் பந்தயத்தை வென்றால் 5,000 புள்ளி. வென்றவருக்குப் பின்னால் வரும் ஒவ்வொரு விநாடிக்கும் ஒரு புள்ளி குறையும். அங்கே கடிகாரமே காசாளர்! ஆனால் அந்த உச்சி மிகக் கூர்மையானது. கீழே இருப்பவர்களுக்கு நிறுவனங்கள் சைக்கிளும் காலணியும் கொடுக்கும். மாதச் சம்பளம் கொடுப்பது அரிது.

புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் தனியாக ஒரு பத்தி இருந்தது. தலைப்பில் அவருடைய தம்பியின் பெயர். பெற்ற கடனும் திருப்பிய தொகையும் ஆண்டுவாரியாக அதில் இருந்தன. திருப்ப வேண்டியது இன்னும் இருந்தது. "பிறருடைய பணத்தை எடுத்துக்கொண்டு ஓடும்போது கால்கள் கனக்கும். அதையும் பயிற்சியில் சேர்த்துக்கொள்ள வேண்டும்" என்று மட்டும் சொன்னார்.

பந்தய நாள்

2024 ஜூலை 7, ஞாயிற்றுக்கிழமை. ஓட்டப் பாதையில் அமைந்த தண்ணீர்ப் பந்தல் ஒன்றில் நானும் தொண்டராக நின்றேன். நம் ஊர்ச் சித்திரைத் திருவிழாவில் மோர் கொடுப்பது போல, ஓடுபவர்களுக்குத் தண்ணீரும் பழத்துண்டும் கொடுக்க வேண்டும். அன்று உலகத்தின் மிக விரைவான முழுத்தூர ஆட்டங்களில் ஒன்றைப் பார்க்கும் பேறு எனக்குக் கிடைத்தது. டென்மார்க்கின் மாக்னுஸ் டிட்லெவ் 7 மணி 23 நிமிடம் 24 விநாடியில் முடித்தார். பெண்களில் ஜெர்மனியின் அன்னே ஹவுக், 41ஆம் வயதில், 8 மணி 2 நிமிடம் 38 விநாடியில் முடித்தார். இரண்டும் ரோத் பந்தயத்தில் அதுவரை எவரும் எட்டாத நேரங்கள்.

கூட்டம் அவர்களைக் கண்டு ஆர்ப்பரித்தது. என் கண்கள் அக்காவைத் தேடின. ஓட்டத்தின் முன்பாதியில் அவர் நன்றாக வந்தார். பரிசுக்குரிய கடைசி இடத்தில் இருந்தார். இரண்டாம் முறை எங்கள் பந்தலைக் கடந்தபோது முகம் வெளுத்திருந்தது. "கோலா!" என்று மட்டும் கேட்டார். ஒரு கோப்பையை நீட்டினேன். வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

நடந்ததை மாலையில்தான் அறிந்தேன். சைக்கிளில் நூறாவது கிலோமீட்டருக்கு மேல் ஒரு குழியில் சக்கரம் ஏறி இறங்கியதில், பின்னால் செருகியிருந்த குப்பி ஒன்று தெறித்து விழுந்துவிட்டது. இத்தகைய பந்தயத்தில் மணிக்கு ஏறத்தாழ 90 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். சைக்கிளில் செல்லும் நாலேமுக்கால் மணி நேரத்திற்கு 425 கிராமுக்கு மேல். நம் கணக்கில் ஒன்றரைக் கிலோ சோற்றில் உள்ள அளவு! அதைச் சர்க்கரைக் கரைசலாகக் குப்பிகளில் எடுத்துச் செல்கிறார்கள். அக்கா இழந்த குப்பியில் ஒரு மணி நேரத்திற்கு மேற்பட்ட உணவு இருந்தது. பந்தல்களில் கிடைத்ததைக் கொண்டு சமாளித்தார். ஆனால் கடைசிப் பத்துக் கிலோமீட்டரில் உடல் கடனைக் கேட்டது. பரிசுக்குரிய கடைசி இடத்தை நாற்பது விநாடியில் இழந்தார்.

அன்று இரவு அவர் என்ன செய்வார் என்று அஞ்சிக்கொண்டே வீட்டுக்குப் போனேன். அவர் சமையலறையில் உட்கார்ந்து என் ரசத்தைக் கேட்டு வாங்கி, இரண்டு கோப்பை குடித்தார். மூக்கிலும் கண்ணிலும் நீர் வழிந்தது. அது மிளகினாலா வேறு எதனாலா என்று நான் கேட்கவில்லை. பிறகு குறிப்பேட்டில் எழுதினார். நான் எட்டிப் பார்த்ததைக் கண்டு அவரே திருப்பிக் காட்டினார். ஒரே வரி: 'பின் குப்பிக்கு ரப்பர் வளையம் கட்ட வேண்டும்.'

மூன்றாம் நாள் சைக்கிள் மறுபடியும் பெட்டிக்குள் போயிற்று. வீட்டுக்கார ஐயா அவரை நிலையத்தில் கொண்டுபோய் விட்டார். அடுத்த மாதம் வேறொரு நாட்டில் நடந்த அரைத்தூரப் பந்தயத்தில் ஆறாவதாக வந்ததாகச் செய்தி அனுப்பினார். 'ஊருக்குப் போகும் விமானச் சீட்டு கிடைத்துவிட்டது' என்று அதில் எழுதியிருந்தார்.

நான் எடுத்த முடிவு

பிரிவதற்கு முன்பு அவர் என்னை ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பந்தயமே இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமையை நினைத்துப் பார். எந்த வேலையைச் செய்துகொண்டு அந்த நாளைக் கழிக்க உனக்கு ஆசை?"

நேர்மையாக யோசித்தேன். கோவாவில் நான் மயங்கியது இறுதிக் கோட்டின் கைதட்டலில். அக்கா விரும்பியதோ பெட்டியைப் பூட்டுவதும், முதியவர்களிடம் தடம் கேட்பதும், மழையில் தனியே ஐந்து மணி நேரம் சைக்கிள் ஓட்டுவதும் நிறைந்த செவ்வாய்க்கிழமைகளை. கைதட்டல் ஆண்டில் சில நாள், செவ்வாய்க்கிழமைகள் ஐம்பத்திரண்டு. என் செவ்வாய்க்கிழமைக்கு நான் விரும்பியது விடியலில் ஒரு நீச்சல், அதன்பின் எங்கள் ஊர்க் கடற்கரையின் மண்ணரிப்பைப் பற்றிய என் ஆராய்ச்சி. இது எனக்கே அன்றுதான் தெரிந்தது. அப்பாவுக்கு எழுதிய கடிதத்தை அனுப்பவில்லை. நிலம் அங்கேயே இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு விளையாட்டைத் தொழிலாகக் கொள்ள வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். அக்காவைப் போல ஆசைப்படுகிற ஒருவர் நம் விடுதியில் இருந்தால் அவருக்கு முதல் ஆளாக மாலை போடுவேன். ஆனால் அவர் ஆசைப்படுவது பந்தயத்திற்கா, அந்த வாழ்க்கைக்கா என்பதை முதலில் கேட்டுக்கொள்ளட்டும். பந்தயம் ஒரு நாளில் முடிந்துவிடும். மார்ச் தொடங்கி நவம்பர் வரை நீளும் பருவத்தில் எஞ்சிய நாட்களெல்லாம் பயணமும் பயிற்சியும் கணக்கும்தாம்.

முடிவாக நம் சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள். தேசியப் போட்டிகளுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து மாணவ மாணவியர் தில்லிக்கு வருகிறார்கள். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு இரவுகளைக் கழித்துவிட்டு இறங்கி, எங்கே தங்குவது, எதைச் சாப்பிடுவது என்று தெரியாமல் விழிப்பவர்களை நானே நிலையத்தில் பார்த்திருக்கிறேன். முன்பின் தெரியாத ஒரு ஜெர்மானியக் குடும்பம் ஓர் அறையும் அடுப்பும் கொடுத்ததால் ஒரு வீராங்கனையின் பருவம் நடந்தது. வளாகத்திலும் அருகிலும் வீடெடுத்துத் தங்கியிருக்கும் நம் உறுப்பினர்கள் பத்துப் பேர், ஆண்டுக்கு ஒரு வாரம் ஒருவரைத் தங்கவைக்க முன்வந்தால் போதும். அடுத்த பொதுக்குழுவில் இதை முன்மொழியவிருக்கிறேன், ஆதரவு தாருங்கள்.

அவர்களுக்கு இருட்டான அறை ஒன்று வேண்டும், வெண்சோறு வேண்டும். சோற்றுப் பொறுப்பு என்னுடையது. என் அறையில் ஒரு சிறிய அரிசிக் குக்கர் இருக்கிறது. விடுதிக் காப்பாளர் தமிழ் படிக்கமாட்டார் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன்.